வெட்டுவதற்கென்றே எடுத்த பாட்டு

ஆபரேட்டர் என்றால் படம் ஓட்டுகிறவன் என்று நினைக்கிறார்கள். ஹட்டனில் நான் படம் ஓட்டியது மட்டுமில்லை, வெட்டியும் இருக்கிறேன். முப்பத்தைந்து வருஷம். அதைப் பற்றி எழுது என்று யாரும் கேட்கவில்லை. "தியேட்டர் அனுபவம் ஏதாச்சும் எழுதித் தாங்க ஐயா, எங்க மலர்ல போடுறோம்" என்றுதான் கொட்டகலைப் படக்குழுப் பிள்ளைகள் கேட்டார்கள். கூட்டம் முண்டியது, விசில் பறந்தது, கதவு உடைந்தது என்று எழுதுவேன் என்று நினைத்திருப்பார்கள். அதை எந்த ஆபரேட்டரும் எழுதுவான். நான் எழுதுவது வேறு.

இந்தக் குழுவை நடத்துகிறவர் ரூபினி என்ற பாடசாலை டீச்சர். போன மாதம் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். அதில் அவர்கள் எடுத்த படம், தேயிலைத் தோட்டத்துப் பையன் ஒருவன் கொழும்பில் கடை வேலைக்குக் கிளம்புகிற கதை. அவன் அம்மாவாக நடித்தது பரமேஸ்வரி. வட்டவளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் உண்மையாகவே கொழுந்து பறிக்கிறவர். கொழும்பில் ஒரு குறும்பட விழா. பன்னிரண்டு நிமிஷத்துக்கு மேல் எடுக்கமாட்டார்களாம். இவர்கள் எடுத்து வைத்திருந்தது பதினாறு.

"எத எடுத்தா தெரியாதுன்னு நீங்கதான் சொல்லணும் ஐயா. உங்களுக்கு அந்தக் கண்ணு இருக்குன்னு சொன்னாங்க."

ஒரு தடவை பார்த்தேன். மறு தடவை பார்க்க வேண்டிய தேவையே இருக்கவில்லை.

"இந்தம்மா பேசுறாங்களே, அத எடுத்திடுங்க டீச்சர். கணக்கா நாலு நிமிசம். படத்துக்கு ஒரு காயமும் இருக்காது."

டீச்சரின் முகம் மாறிப்போனது. அவர் என்ன சொன்னார் என்பதைப் பிறகு எழுதுகிறேன். "ஒரு காயமும் இருக்காது" என்ற அந்தப் பேச்சு என் வாய்க்கு எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். அது என்னுடைய பேச்சு இல்லை.

பதினெட்டு வயதில் தியேட்டருக்கு வேலைக்குப் போனேன். மூன்று வருஷம் ரீல் சுற்றினேன், மெஷினுக்கு எண்ணெய் போட்டேன், மெஷின் வெளிச்சத்துக்கான கார்பன் குச்சி எரிவதைப் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்டேன். பயிற்சி அவ்வளவுதான். பெரிய ஆபரேட்டர் சவரிமுத்து அண்ணன் அதிகம் பேசமாட்டார். தப்புச் செய்தால் தன் வேலையை நிறுத்திவிட்டு என் கையையே பார்த்துக்கொண்டு நிற்பார். இதற்கு ஓர் அறை விட்டிருக்கலாம் என்று தோன்றும்.

ஞாயிறு மெட்னி என்கிற பகல் காட்சிக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் ரயிலில் வருகிற தோட்டத்துச் சனம். சாயங்காலம் வட்டவளைப் பக்கம் இறங்குகிற ரயிலை அவர்கள் பிடித்தாக வேண்டும். தவறவிட்டால் திங்கட்கிழமை காலையில் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கிற இடத்துக்குப் போய்ப் பெயர் கொடுக்க முடியாது. பெயர் கொடுக்காதவனுக்கு அன்றைக்கு வேலை இல்லை. ரயில் படத்துக்காக நிற்காது. ஆகவே படம் ரயிலுக்காகக் குறையும். நீளமான படம் என்றால் மேனேஜர் சனிக்கிழமையே வந்து, "இருபது நிமிசம் எறக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போவார். எதை இறக்குவது என்று சொல்லமாட்டார். அது சவரிமுத்து அண்ணன் பாடு.

அண்ணன் வெட்டுவதைப் பார்க்க வேண்டும். முதலில் கையைக் கழுவித் துடைப்பார். ரீலைச் சுற்றுமேசையில் போட்டு, விரலிடுக்கில் பிலிமை ஓடவிட்டு, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பார். படம் ஓடுகிற இடத்தில் அதன் சத்தம் இருக்காது. சத்தக் கோடு இருபது சட்டம், அதாவது இருபது பிரேம், முன்னால் ஓடும். இது தெரியாதவன் வெட்டினால் ஆள் வாயை மூடிய பிறகும் பேச்சு கேட்கும், அல்லது நாய் குரைத்த மாதிரி ஒரு சத்தம் வரும். அண்ணன் சத்தமும் படமும் சேர்ந்து அடங்குகிற இடமாகத் தேடுவார். பாதியாக உடைத்த சவர பிளேட்டால் ஒரே இழுப்பு. மருந்துப் பக்கத்தைச் சுரண்டி, பிலிம் சிமெந்து என்கிற பசையைத் தொட்டு, அழுத்திப் பிடித்துக்கொண்டு மனதுக்குள் 'அருள் நிறைந்த மரியே' மந்திரம் ஒரு தடவை சொல்வார். அது முடிந்தால் ஒட்டுக் காய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

வெட்டிய துண்டைச் சுருட்டி, எந்த ரீல், எந்த இடம் என்று துண்டுக் காகிதத்தில் எழுதிக் கட்டி ஆணியில் மாட்டுவார். படப்பெட்டி கொழும்புக்குத் திரும்புவதற்குள் எல்லாத் துண்டும் அதனதன் இடத்துக்குப் போயிருக்க வேண்டும்.

எதை வெட்டலாம் என்பதற்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். ஒரு காட்சியை எடுத்துவிட்டு முன்னையும் பின்னையும் சேர்த்துப் பார்ப்பது. யாராவது "என்ன நடந்துச்சு?" என்று கேட்பார்கள் போலிருந்தால் தொடக்கூடாது. கேட்கமாட்டார்கள் என்றால், "படத்துக்கு ஒரு காயமும் இல்லடா. எடு" என்பார்.

எழுபதுகளில் பழைய அமெரிக்கப் படங்களின் தேய்ந்த பிரதிகள் எங்களுக்கு வரும். கறுப்பு முகம் எங்கே தெரியும் என்று எனக்கு மனப்பாடம். ரயில் நிலையத்தில் பெட்டி தூக்கும். சமையலறையில் அதட்டு வாங்கும். பேய் வீட்டில் கண்ணை உருட்டிக்கொண்டு ஓடும், சனம் சிரிக்கும். இன்னும் பழைய படம் என்றால் வெள்ளைக்காரனே முகத்தில் கரியைப் பூசிக்கொண்டு ஆடுவான். பிற்காலத்துச் சண்டைப் படங்களில் துப்பாக்கி கொடுத்தார்கள், ஆனால் ஐந்தாவது ரீலுக்குள் கொன்றுவிடுவார்கள். கதாநாயகனாக ஒரு கறுப்பர் வந்து கடைசி ரீல்வரை உயிரோடு இருந்த படத்தை நான் முதலில் ஓட்டியபோது, எப்போது சாவார் என்று காத்திருந்தே பாதிப் படத்தைக் கவனிக்காமல் விட்டேன். அவ்வளவு பழக்கிவிட்டிருந்தார்கள்.

சிரித்தவர்கள் யார்? நாங்கள்தான். கொழும்பிலிருந்து படம் எடுக்க வருகிறவன் கதாநாயகியை முன்னால் ஆடவிட்டு எங்கள் பெண்களைப் பின்னால் கூடையோடு நிறுத்திவைப்பான். அதையும் நாங்களே கைதட்டிப் பார்த்தோம்.

ஒரு ஆட்டபாட்டப் படம் வந்தது. முழுக்க வெள்ளைக்காரர்கள். நாலாவது ரீலில் மட்டும் ஒரு கறுப்புப் பெண் பாடுவார். சமையல்காரி உடுப்பு இல்லை. வெள்ளைப் பட்டுக் கவுன். ஒரு தூணில் சாய்ந்து நின்றுகொண்டு, யாரையும் பார்க்காமல், அவசரமே இல்லாமல் மூன்று நிமிஷம் பாடுவார். பாட்டுக்கு முன்னால் திரை இருட்டாகும், முடிந்ததும் திரும்ப இருட்டாகும். அதற்கப்புறம் அவரைக் காணவே கிடைக்காது.

ஞாயிறுக்கு இருபது நிமிஷம் குறைக்கச் சொல்லி மேனேஜர் வந்தார். "அந்தக் காப்பிலிப் பொம்பளை பாட்டயும் தூக்கலாமே" என்றார். ஆப்பிரிக்க வம்சத்தாரை அன்றைக்கு எங்கள் ஊரில் அப்படித்தான் கேவலமாகச் சொன்னோம். அந்த வாரம் அண்ணன் வெட்டுகிற வேலையை என் கையில் விட்டிருந்தார். மற்ற இடங்களில் திணறினேன். இந்த இடத்தில் மட்டும் பிளேட் தானாகப் போனது. இரண்டு பக்கமும் இருட்டு, சத்தமும் இல்லை. சேர்த்துப் பார்த்தால் தைத்த தடமே தெரியவில்லை. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அந்த ஞாயிறு மெட்னி முடிந்ததும் ஆபரேட்டர் ரூம் படிக்கட்டில் ஆட்கள் ஏறி வந்தார்கள். முன்னால் ஒரு அம்மா, பின்னால் ஏழெட்டுப் பேர். அந்தோனியம்மா என்று பெயர். அவர்கள் கூப்பிட்டதிலிருந்து தெரிந்தது.

"தம்பி, அந்தப் பாட்டுக்காரி எங்க?"

"எந்தப் பாட்டுக்காரி?"

"நம்ம நெறத்துல ஒருத்தி. வெள்ளைப் பட்டு உடுத்தித் தூணுல சாஞ்சு பாடுவா. போன சனிக்கிழம தங்கச்சி வீட்டுக்கு வந்தப்ப இங்கதான் பாத்தேன். இவங்களுக்குக் காட்டணும்னுதான் எல்லாரையும் ரயிலேத்திக் கூட்டிவந்தேன்."

துண்டு என் முதுகுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. வெட்டினோம் என்று சொன்னால் சத்தம் போடுவார்கள், மேனேஜர் வருவார், பழி என் தலையில் விழும். அந்த ஒரு நொடியில் எனக்குத் தோன்றியது அதுதான்.

"அப்படி யாரும் இந்தப் படத்துல இல்லம்மா. வேற படத்துல பாத்திருப்பீங்க."

பின்னால் நின்ற ஒருவன் சிரித்தான். "நான் அப்பவே சொன்னேன்ல? அக்கா தியேட்டர்ல தூங்கிட்டு கனாக் கண்டிருக்கு."

"கனாவுல வந்தவளப் பாக்கவா நாங்க ரயிலேறி வந்தோம்?"

"பட்டுக் கவுனு அக்காவுக்கே தைச்சுப் போட்டுடுவோம் விடு!"

படிக்கட்டு முழுக்கச் சிரிப்பு. அந்தோனியம்மா சிரிக்கவில்லை, என்னோடு சண்டைக்கும் வரவில்லை. "நான் தூங்கல தம்பி" என்று மட்டும் சொன்னார். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கீழே ரோட்டிலும் அந்தச் சிரிப்பு கேட்டது.

சவரிமுத்து அண்ணன் மூலையில் ரீல் சுற்றிக்கொண்டிருந்தார். எல்லாம் கேட்டிருந்தார்.

"ஏன்டா பொய் சொன்ன?"

"வெட்டுனோம்னு சொன்னா சத்தம் போடுவாங்கண்ணே."

"போடட்டுமே. வெட்டுனது நம்ம தொழில். இல்லவே இல்லேன்னு சொன்னது எவன் தொழில்?"

அவர் துண்டை ஆணியிலிருந்து எடுத்து என் கையில் கொடுத்தார். "ஒட்டு. இப்பவே ஒட்டு."

ஒட்ட உட்கார்ந்தபோதுதான் பார்த்தேன். பாட்டுக்கு முன்னால் வருகிற அந்த இருட்டுச் சட்டங்களில், நாலு விரல் அகலத்துக்குள், பழைய ஒட்டுகள் ஐந்து இருந்தன. பாட்டு முடிகிற பக்கத்திலும் அப்படியே. எனக்கு முன்னால் ஐந்து தியேட்டர்களில் ஐந்து பேர் அதே பாட்டை அதே இடத்தில் வெட்டித் திரும்ப ஒட்டியிருக்கிறார்கள். அண்ணன் அதை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"அஞ்சு பேருக்கும் ஒரே இடந்தான் கிடைச்சிருக்கு. ஏன்டா?"

தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை. தெரியாமலே செத்துப்போனார். அந்தோனியம்மாவை நான் பிறகு தேடிப் போகவும் இல்லை. வட்டவளை ரயிலில் எத்தனையோ முறை போயிருக்கிறேன். இறங்கி விசாரிக்கிறதற்கு என்ன? வெட்கம் என்று சொன்னால் அதுவும் பொய். மறந்துவிட வசதியாக இருந்தது, மறந்தேன்.

அப்புறம் பெரிய ஆபரேட்டர் ஆனேன். அண்ணனின் பேச்சை அவரைவிட அதிகமாக நான் சொன்னேன். தியேட்டரை மூடினார்கள். வீட்டுக்கு வந்தேன். அவ்வளவுதான்.

இப்போது டீச்சர் சொன்னதுக்கு வருகிறேன். பரமேஸ்வரியை எடுத்துவிடலாம் என்று நான் சொன்னதும், அவர் மடிக்கணினியை மூடிவைத்தார்.

"இதையேதான் ஐயா அமெரிக்காவுலயும் செஞ்சாங்க" என்றார்.

சினிமாப் படிப்பு ஒன்றுக்காக அவர் அந்த வரலாற்றை வாசித்திருக்கிறார். அங்கே தெற்கு மாநிலங்களில் திரையில் கறுப்பர்களைச் சமையல்காரியாக, கூலியாக ஏற்றுக்கொள்வார்களாம். கௌரவமாக உடுத்தி நிமிர்ந்து நின்றால் தியேட்டர்காரர்கள் ஏற்கமாட்டார்களாம். படக் கம்பெனிகளுக்குக் கறுப்புப் பாடகியின் அழகும் குரலும் வேண்டும், தெற்கத்தி வசூலும் வேண்டும். ஆகவே பாடகியைக் கதைக்குள் விடவில்லை. கதாநாயகன் அவரோடு பேசமாட்டான். தனியாக நிற்கவைத்துப் பாட விட்டு, இரண்டு பக்கமும் இருட்டு வைத்துக் கொடுத்தார்கள். வடக்கே காட்டினார்கள், தெற்கே வெட்டினார்கள்.

"வெட்டுறதுக்குன்னே எடுத்திருக்காங்க ஐயா. வெட்டுறவனுக்குக் கஷ்டம் வேணாம்னு."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்தப் பிளேட் தானாகப் போனதே, நான் பெருமைப்பட்டேனே, அது என் கைத்திறமை இல்லை. எங்கேயோ ஒருவன் மேசையில் உட்கார்ந்து எனக்காகக் கோடு போட்டு வைத்திருந்தான். நான் ஹட்டனில் உட்கார்ந்து அவன் வேலையைச் சம்பளமில்லாமல் செய்துகொடுத்திருக்கிறேன். அதுவும் யாருக்கு எதிராக? என் நிறத்துக்காரிக்கு, என் சாதி சனத்துக்கு முன்னால்.

"அப்ப அந்த ஊர்ல கறுப்பங்க எல்லாம் பாத்துக்கிட்டா இருந்தாங்க?" என்று கத்தினேன். டீச்சர் மேல் கத்தி என்ன பயன்?

இருக்கவில்லையாம். பேசாப் படக் காலத்திலேயே கறுப்பர்கள் தாங்களே காசு திரட்டிப் படம் எடுத்திருக்கிறார்கள். படப்பெட்டியைத் தாங்களே தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய், கறுப்பர்களுக்கென்று இருந்த தியேட்டர்களில் காட்டியிருக்கிறார்கள். அந்தப் படங்களில் டாக்டரும் கறுப்பர், திருடனும் கறுப்பர், காதலிக்கிறவளும் கறுப்பர். தணிக்கைக்காரர்கள் அதையும் கத்தரித்தார்கள். நிறையப் படங்கள் இன்று ஒரு துண்டுகூட மிச்சமில்லாமல் அழிந்துவிட்டன. ஆனாலும் எடுத்தார்கள். ஆளை எடுத்துவிட்டால் கதையே இல்லை என்கிற மாதிரி எடுத்தார்கள்.

இதைக் கேட்டதும் என் கோபம் டீச்சர் பக்கம் திரும்பிவிட்டது.

"இவ்வளவும் படிச்சிட்டு நீங்க என்ன செஞ்சிருக்கீங்க? அந்தம்மாவத் தனியா ஒரு ஸ்டூல்ல உக்கார வச்சு, கேமராவப் பாத்துப் பேசவிட்டிருக்கீங்க. மகன்காரன் பக்கத்துல இல்ல. அவங்க பேசுறத படத்துல ஒருத்தனும் கேக்கல. வெட்டுறதுக்குக் கோடு போட்டுக் குடுத்தது நீங்கதான் டீச்சர்."

"அவங்களுக்கு ஒரு ஞாயிறுதான் லீவு இருந்திச்சு ஐயா. நடிக்கிற பையன் அன்னைக்கு வரல. நான் என்ன செய்ய?"

"அங்கயும் கேட்டா இப்படி ஒரு காரணம் வச்சிருப்பானுங்க."

டீச்சர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்து போய்விட்டார். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. மறுநாள் பரமேஸ்வரியே எனக்குப் போன் பண்ணினார். நம்பர் டீச்சர் கொடுத்ததாம்.

"என்ன அண்ணே, என்னையக் கவ்வாத்து வெட்டப்போறீங்களாமே?"

கவ்வாத்து என்பது தேயிலைச் செடியை மட்டமாக வெட்டிவிடுகிற வேலை. எனக்குச் சிரிப்பு வந்தது.

"யாருங்க சொன்னா?"

"டீச்சர்தான். மொகத்தத் தொங்கப்போட்டுக்கிட்டு வந்துச்சு. இந்தா பாருங்க, நான் எங்க லயத்து வீடுக பூராச் சொல்லிட்டேன். கொழும்புல இருக்க மகன், விழாவுக்கு வந்து பாக்குறேன் அம்மான்னு லீவு கேக்கப் போறான். இப்ப போயி நான் அதுல இல்லேன்னா, பக்கத்து லயத்துக்காரி சிரிச்சே செத்துருவா. வெட்டுறதுன்னா இப்பவே சொல்லிருங்க. நான் மகனுக்குச் சொல்லிக்கிறேன்."

படிக்கட்டில் நின்ற ஏழெட்டுப் பேரும் அவர்கள் சிரிப்பும் என் காதுக்குள் வந்துவிட்டது. இந்தத் தடவை நான் பொய் சொல்லவில்லை.

"வெட்டச் சொன்னது நான்தாங்க. தப்பு. அடுத்த ஞாயிறு எங்கயும் போகாதீங்க. நாங்க வாறோம்."

போனோம். நடிக்கிற பையனையும் கையோடு பிடித்துக்கொண்டு போனோம். பரமேஸ்வரி பேசுவது இதுதான்: தோட்டத்தில் பெயர் கொடுக்க ஆளில்லாத வீட்டைத் தோட்ட நிர்வாகம் பிடுங்கிக்கொள்ளும், அதனால்தான் முதுகு வளைந்தும் மலைக்குப் போகிறேன். முன்பு இதை ஸ்டூலில் உட்கார்ந்து சொன்னார். இப்போது மகன் பையை அடுக்கிக்கொண்டிருக்கிறான், இவர் அடுக்குவதையெல்லாம் எடுத்து வெளியே வைக்கிறார். அவன் திரும்ப உள்ளே வைக்கிறான். பேச்சு முழுக்க அந்தச் சட்டை, துவாய், சீப்பு மேலேயே நடக்கிறது. எங்கே வந்து அவன் கை நிற்க வேண்டும் என்று டீச்சர் ஏதோ சொன்னார். பரமேஸ்வரி கேட்கவில்லை.

"அங்க இல்ல டீச்சர். 'வீடு போயிரும்டா'ன்னு சொல்றப்ப எம் சொந்த மகன் அன்னைக்கு நெசமாவே பையக் கீழ வச்சான். அங்கதான் நிப்பான்."

அங்கேதான் நிறுத்தினோம்.

ஆனால் படம் இன்னும் பதினாறு நிமிஷம்தான். திரும்பவும் என்னிடம் கொண்டுவந்தார்கள். அண்ணனின் வழிப்படியே பார்த்தேன். எதை எடுத்தால் யாரும் "என்ன நடந்தது?" என்று கேட்கமாட்டார்கள்? மூடுபனி. மலையில் பனி, ரோட்டில் பனி, பாலத்தில் ரயில், திரும்பப் பனி. நாலு நிமிஷத்துக்கு மேல் இருந்தது.

"ஐயோ ஐயா, அதுதான் அழகே!" என்றான் கேமராப் பையன்.

"அழகு நாளைக்கும் அங்கதான் இருக்கும். எடு."

எடுத்தான். அழாத குறையாக எடுத்தான். படம் பன்னிரண்டு நிமிஷத்துக்கு வந்தது, அனுப்பினார்கள்.

போன வெள்ளிக்கிழமை டீச்சர் வந்தார். விழாக்காரர்கள் போன் பண்ணினார்களாம். படம் நல்லாயிருக்கிறது, ஆனால் அன்றைக்கு நேரம் நெருக்கடி, பத்து நிமிஷமாக்க முடியுமா, அந்தத் தாய் பேசுகிற இடம் கொஞ்சம் நீளம் என்றார்களாம்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நீங்களே எடுத்துப் பாருங்கன்னு சொன்னேன் ஐயா."

"எடுத்தானுங்களா?"

"ரெண்டு நாள் முயற்சி பண்ணியிருக்காங்க. எங்க எடுத்தாலும் பையன் ஏன் பையக் கீழ வச்சான்னு புரியலயாம். பன்னிரண்டு நிமிசமே இருக்கட்டும்னுட்டாங்க."

டீச்சரின் போனை வாங்கி நானே பரமேஸ்வரியைக் கூப்பிட்டேன். மலையில் நின்றார் போல, காற்றுச் சத்தம். விஷயத்தைச் சொன்னேன். பக்கத்தில் நின்ற யாரிடமோ அதைத் திருப்பிச் சொன்னார். என்னமோ கேலி பேசினார்கள், இவரும் பதிலுக்கு ஏதோ ஏசினார். பிறகு என்னிடம் கேட்டார்.

"அப்ப மகன லீவு போடச் சொல்லலாமா அண்ணே?"

"போடச் சொல்லுங்க" என்றேன்.